வங்கி இயந்திரமும் நம் வீட்டுப் பெரியோரும்

நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கையில் எடுத்து, அதன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் உள்ள சிறு கட்டத்தில், அந்த நோட்டின் மதிப்புப் பதினைந்து மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். அவற்றுள் நம் தமிழும் ஒன்று. ‘நூறு ரூபாய்’ என்னும் அந்த இரண்டு சொற்களும் மும்பைக்குப் போனாலும், தில்லிக்குப் போனாலும், கொல்கத்தாவுக்குப் போனாலும் நோட்டோடு கூடவே போகின்றன. ஊர் மாறிவிட்டதென்று எவரும் அவற்றை அழித்துவிடுவதில்லை.

ஆனால், அந்த நோட்டை எண்ணி நம் கையில் கொடுக்கும் இயந்திரத்தின் முன் நின்று பாருங்கள். தமிழ்நாட்டில் தமிழ் காட்டும் அதே வங்கியின் இயந்திரம், மாநில எல்லையைத் தாண்டியதும் தமிழை மறந்துவிடுகிறது. மும்பையில் நாம் சென்று பார்த்த கிளைகளின் திரைகளில் தோன்றியவை ஆங்கிலமும் இந்தியும் மராத்தியுமே. பணத்துக்குத் தெரிந்த மொழி பணப்பெட்டிக்குத் தெரியவில்லை!

“இதுவும் ஒரு குறையா? வந்த இடத்தின் மொழியைக் கற்றுக்கொள்வதுதானே முறை?” என்று அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்தது நம் எண்ணத்தை மாற்றிவிட்டது.

ஓர் அன்னையின் கதை

அந்த அன்பரின் தாயார் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். கணவர் மறைந்த பின், மகனோடு மும்பைப் புறநகர் ஒன்றில் வாழ்கிறார். அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. மாதம் பிறந்து நான்கைந்து நாள் கழிந்ததும், குடையை ஊன்றுகோலாகக் கொண்டு வங்கிக் கிளைக்கு நடந்தே போவார். பணம் எடுக்கும் சீட்டில் தமிழில் கையொப்பம் இடுவார். கவுண்ட்டரில் இருந்த எழுத்தர் மராத்தியர். அந்த அம்மையாருக்காக அவர் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்று வைத்திருந்தார்: “எவ்வளவு?” அம்மையாரும் அவருக்காக இரண்டு மராத்திச் சொற்களைக் கற்று வைத்திருந்தார்: “பாச் ஹஜார்.” ஐயாயிரம் என்பது அதன் பொருள். இந்த மூன்று சொற்களைக் கொண்டே பல ஆண்டுகள் கணக்கு ஒழுங்காக நடந்தது.

பின்னர்க் கிளை புதுப்பிக்கப்பட்டது. பளிங்குத் தரை வந்தது; கண்ணாடிக் கதவு வந்தது; வாயிலருகே இரண்டு இயந்திரங்கள் வந்தன. எழுத்தர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். சிறு தொகை எடுப்போர் இயந்திரத்துக்குச் செல்லுமாறு கைகாட்டப்பட்டனர். மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயை அழைத்துச் சென்று இயந்திரத்தைப் பழக்கினார். அம்மையார் திரையில் இருந்ததைப் படிக்கவில்லை, படிக்கவும் இயலாது. கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல இடங்களை மனத்தில் பதித்துக்கொண்டார். முதலில் வலப்புறம் இரண்டாவது. பிறகு அதற்குக் கீழே. பிறகு நான்கு எண்கள். பிறகு பச்சை விசை. ஆறு மாதம் இவ்விதம் சென்றது.

ஒருநாள் திரையின் வரிசை மாறியிருந்தது. கடன் வேண்டுமா என்று கேட்கும் விளம்பரம் ஒன்று நடுவே புதிதாகப் புகுந்திருந்தது. அம்மையாரின் கோலம் கலைந்தது. பின்னால் நின்ற மக்கள் முணுமுணுத்தனர். உதவ முன்வந்த இளைஞன் ஒருவனிடம் அட்டையை நீட்டி, ரகசிய எண்ணையும் சொல்லிவிட்டார். பணம் வந்தது, அட்டையும் திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வந்தது அவருடைய அட்டையன்று. பார்வைக்கு அதைப் போன்ற வேறோர் அட்டை.

அன்று மாலையும் மறுநாளுமாக முப்பத்தெட்டாயிரம் ரூபாய் கணக்கிலிருந்து போய்விட்டது. ஒவ்வொரு முறை பணம் போகும்போதும் அவருடைய கைப்பேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. செய்திகள் ஆங்கிலத்தில் இருந்தன. வழக்கமாக வரும் விளம்பரம் என்று அவர் எண்ணிவிட்டார்.

நாம் காணச் சென்றபோது அம்மையார் பணத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. “போனது போகட்டும், தம்பி. இனிமேல் நான் பாங்கிக்குப் போகமாட்டேன். எல்லாவற்றையும் மகனே பார்த்துக்கொள்ளட்டும்” என்றார். மாதத்தில் ஒருநாள் தம் பணத்தைத் தாமே எடுத்துப் பேரக்குழந்தைகளுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தவர், அந்த ஒரு நடையையும் நிறுத்திவிட்டார். அவர் இழந்தவற்றுள் பெரிது இதுவே என்று நமக்குத் தோன்றியது.

விதி சொல்வது என்ன?

மின்னணு வழியில் உரிமையாளர் அறியாமல் பணம் போனால் இழப்பு யாரைச் சாரும் என்பதை ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதச் சுற்றறிக்கையில் வரையறுத்தது. வங்கியின் தவறாயின் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. இருவரும் அல்லாத வேறிடத்தில் தவறு நேர்ந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தாலும் பொறுப்பில்லை. ஆனால் வாடிக்கையாளர் தம் ரகசிய எண்ணைப் பிறருக்குச் சொன்னதால் இழப்பு நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையில் போன பணம் முழுவதும் அவரையே சாரும்.

விதியைக் குறை கூறுவதற்கில்லை. ரகசியத்தைக் காப்பது உடையவரின் கடமையே. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. அந்த அம்மையார் ஏன் ரகசியத்தைச் சொன்னார்? திரையைப் படிக்க இயலாததால் சொன்னார். படிக்க இயலாத திரையை அவர் முன் நிறுத்தியவர் யார்? ஆகவே இயந்திரத்தின் மொழி என்பது மொழிப் பெருமையைப் பற்றிய பேச்சன்று. பணத்தின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு.

இயந்திரம் வந்த வரலாறு

நம் நாட்டு வங்கிகளில் இயந்திரம் எளிதில் நுழைந்துவிடவில்லை. வேலை போய்விடுமோ என்னும் அச்சம் ஊழியரிடையே மிகுந்திருந்தது. 1983-ஆம் ஆண்டில் வங்கி நிர்வாகங்களின் சங்கமும் ஊழியர் சங்கங்களும் இயந்திரமயமாக்கல் பற்றி ஓர் உடன்பாடு செய்துகொண்டன. டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குழு, கிளைகளில் இயந்திரங்களைப் படிப்படியாகப் புகுத்தும் திட்டத்தை 1984-ஆம் ஆண்டில் அளித்தது. 1987-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் ஏ.டி.எம். இயந்திரத்தை எச்.எஸ்.பி.சி. வங்கி மும்பையில் நிறுவியது.

அந்நாளைய பேச்சுகளில் நிர்வாகம் ஒருபுறம் அமர்ந்தது. ஊழியர் மறுபுறம் அமர்ந்தனர். இருவரும் தத்தம் நலனைக் காத்துக்கொண்டனர்; அது முறையே. ஆனால் அந்த மேசையைச் சுற்றி வாடிக்கையாளருக்கு ஒரு நாற்காலி இல்லை. கிளைக்கு எந்தச் சாதனம் வேண்டும் என்று திட்டமிடும் இந்நாளிலும் அந்த நாற்காலி காலியாகவே இருப்பதைக் காண்கிறோம்.

மேல்நாட்டில் இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்று உண்டு. லண்டனுக்கு வடக்கே உள்ள என்பீல்டில், பார்க்ளேஸ் வங்கியின் பணம் வழங்கும் இயந்திரம் 1967-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதை அமைத்த ஜான் ஷெப்பர்டு-பாரன் நம் நாட்டு ஷில்லாங்கில் பிறந்தவர். இயந்திரத்தை முதலில் கண்டவர் யார் என்பதில் உரிமை கொண்டாடுவோர் வேறு சிலரும் உண்டு. எனினும் அவர் தம்மைப் பற்றிச் சொன்ன செய்தி சுவையானது. ரகசிய எண் ஆறு இலக்கம் கொண்டதாக இருக்கலாம் என்பது அவருடைய முதல் எண்ணம். வீட்டுச் சமையலறையில் மனைவியாரிடம் அதைச் சொன்னாராம். தம்மால் நான்கு இலக்கங்களைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றாராம் அம்மையார். எண் நான்கு இலக்கமாயிற்று. இன்று நாம் அழுத்தும் நான்கு எண்களில், பயன்படுத்தப்போகும் ஒருவரைக் கேட்டறிந்த பண்பு இருக்கிறது. அந்தப் பண்பையே நம் வங்கிகளிடமும் வேண்டுகிறோம்.

அட்டையில் ஓர் இடம்

“பல மொழி பேசும் மும்பையில் எல்லா மொழிகளையும் திரையில் அடுக்க முடியுமா?” என்று கேட்கலாம். ரிசர்வ் வங்கியின் நெறிமுறை, கவுண்ட்டர்களின் அறிவிப்புப் பலகைகள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்கிறது. பலகைக்கு அது பொருந்தும். பலகை அசையாதது, எல்லோருக்கும் பொதுவானது, அதில் மூன்று மொழிக்கு மேல் எழுதினால் எவரும் படிக்க மாட்டார். திரை அத்தகையதன்று. ஒரு நேரத்தில் ஒருவர்தாம் அதன் முன் நிற்கிறார். நிற்பவர் யார் என்பதை அவர் செருகும் அட்டையே இயந்திரத்துக்குச் சொல்லிவிடுகிறது.

இங்கே அன்பர்கள் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. காந்தப் பட்டை மட்டும் கொண்ட பழைய அட்டைகளை மாற்றி, 2018-ஆம் ஆண்டு இறுதிக்குள் சில்லு பதித்த அட்டைகளை வழங்குமாறு ரிசர்வ் வங்கி பணித்தது. இன்று நம் பையில் உள்ளவை அந்த அட்டைகளே. உலக நாடுகளுக்குப் பொதுவான அந்தச் சில்லின் அமைப்பில், உடையவர் விரும்பும் மொழியைக் குறித்து வைக்க ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று முதல் நான்கு மொழிகள் வரை, விருப்ப வரிசையில் அங்கே எழுதலாம். ஒவ்வொரு மொழிக்கும் இரண்டே எழுத்துக் குறியீடு. தமிழுக்கு உரியவை ‘டி’, ‘ஏ’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

வங்கி அட்டையை வழங்கும்போதே, “அம்மா, உங்களுக்கு எந்த மொழி வேண்டும்?” என்று கேட்டு அந்த இடத்தில் தமிழை எழுதிவிடலாம். இயந்திரம் அட்டையை ஏற்றவுடன் அந்த இடத்தைப் படித்துத் தமிழ்த் திரையைக் காட்டலாம். மொழிபெயர்ப்புக்குப் புதிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கிளை உள்ள பெரிய வங்கிகளிடம் தமிழ்த் திரைகள் முன்னரே உள்ளன. அவற்றை எல்லைக்கு அப்பாலும் அனுப்ப வேண்டும், அவ்வளவே.

இதை நாம் தமிழருக்காக மட்டும் கேட்கவில்லை. திருப்பூர்ப் பின்னலாடை ஆலைகளிலும் சென்னைக் கட்டட வேலைகளிலும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த உழைப்பாளர் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். நம் தாய் மும்பையில் படும் பாட்டை அவர்கள் நம் ஊரில் படுகின்றனர். அவர்களுடைய அட்டை ஒடியாவையும் வங்காளியையும் சொல்லுமாயின், நம் ஊர் இயந்திரமும் அவர்களுக்கு அவ்வாறே பேச வேண்டும். வாழும் மண்ணின் மொழியைக் கற்பது நம் கடமை. நம் பிள்ளைகள் மராத்தியில் நன்றாகப் பேசவும் எழுதவும் செய்கின்றனர். ஆனால் எழுபத்தைந்து வயதில் மகனோடு வாழ வந்த தாய், பணம் எடுப்பதற்கு முன் மூன்றாவது எழுத்து முறையைக் கற்று வரவேண்டும் என்பது முறையாகாது.

மொழி மட்டும் போதுமா?

போதாது. ஒரு கிளைக்குச் சாதனம் வாங்கத் திட்டமிடுவோர், விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒரு மாதம் கிளையின் வாயிலில் நின்று பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. வருபவர் யார், எதற்காக வருகிறார், எந்த நாளில் கூட்டம் மிகுகிறது, எத்தனை பேர் வந்த வேலை முடியாமல் திரும்புகின்றனர் என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில கிளைகளில் பணம் எடுப்போரைவிடக் கணக்குப் புத்தகத்தில் பதிவு செய்ய வருவோரே மிகுதி. அங்கே முதலில் வேண்டுவது புத்தகம் பதியும் இயந்திரம். வேறு சில கிளைகளில் அன்றாட விற்பனைப் பணத்தைக் கட்ட வரும் சிறு கடைக்காரர்களே வரிசையை நிரப்புகின்றனர். அங்கே வேண்டுவது பணம் ஏற்கும் இயந்திரம். ஊருக்கெல்லாம் ஒரே அளவுச் சட்டை தைப்பது சிக்கனம் போலத் தோன்றும். பலருக்குப் பொருந்தாமல் வீணாகும்.

அடுத்து, காலம். இயந்திரம் சில நொடிகள் காத்திருந்துவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. கண்ணாடியைத் தேடி அணிந்துகொள்ளவே பெரியோருக்கு அந்த நேரம் போதாது. “இன்னும் நேரம் வேண்டுமா?” என்று கேட்கும் முறையைப் பொறுமையுள்ளதாக அமைத்தல் எளிது. அதைப் போலவே, திரையின் வரிசையை நினைத்தபோது மாற்றுவதும், பணம் எடுக்கும் வழியின் நடுவே விளம்பரத்தை நுழைப்பதும் தவிர்க்கத்தக்கவை. படிக்கத் தெரியாதவர் இடத்தைக் கொண்டே வழி அறிகிறார். அவருடைய வழிகாட்டிக் கல்லைப் பெயர்த்தெடுப்பது போன்றது அது.

அடுத்து, ஒலி. பார்வையற்றோரின் நலம் கருதி, 2014-ஆம் ஆண்டு ஜூலை முதல் நிறுவப்படும் புதிய ஏ.டி.எம்.கள் யாவும் பேசும் இயந்திரங்களாகவும் பிரெயில் விசைகள் உடையனவாகவும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. ஆகவே இயந்திரத்துக்கு வாய் உண்டு. அந்த வாய் உரியவருடைய மொழியில் பேசினால், பார்வையற்றோர் மட்டுமின்றி எழுத்தறியாத பெரியோரும் பயனடைவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மனிதர். இயந்திரம் வந்ததைக் காரணம் காட்டிக் கவுண்ட்டரை மூடிவிடலாகாது. எழுத்தர் மீது பழி சுமத்த நாம் விரும்பவில்லை. குறைந்த ஆட்களைக் கொண்டு நீண்ட வரிசையைச் சமாளிக்கும் அவர்களின் துன்பத்தை நாம் அறிவோம். எளிய வேலையை இயந்திரம் ஏற்றுக்கொண்டால், மிஞ்சும் நேரத்தில் எழுத்தர் எழுந்து வந்து தடுமாறுவோருக்கு வழிகாட்டலாம். அதுவே நல்ல திட்டம். எத்தனை பேர் கவுண்ட்டரை விட்டு இயந்திரத்துக்குச் சென்றனர் என்று வங்கிகள் கணக்கிட்டு மகிழ்வதைக் காட்டிலும், எத்தனை பேர் பிறர் உதவியின்றித் தம் வேலையை முடித்தனர் என்று கணக்கிடுதல் நன்று.

நாம் செய்யத்தக்கவை

வங்கிகள் மாறும் வரையில் நாம் வாளா இருத்தல் கூடாது. அன்பர்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மூத்த குடிமக்களுக்குக் கிளையில் தனிக் கவுண்ட்டரோ முன்னுரிமையோ தரவேண்டும் என்றும், எழுபது வயதைக் கடந்தோருக்கு வீடு தேடிச் சென்று பணம் வழங்குதல் முதலிய பணிகளைச் செய்ய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு நவம்பரில் அறிவுறுத்தியது. மேலாளரிடம் இதைப் பணிவோடு நினைவூட்டலாம்.

அட்டையின் வரம்பைக் குறைத்துக்கொள்ளவும், வேண்டாத பயன்களை நிறுத்தி வைக்கவும் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் வசதி உண்டு. மாதம் ஐயாயிரம் எடுக்கும் பெரியவரின் அட்டைக்கு நாளொன்றுக்கு ஐயாயிரமே வரம்பாக இருக்கட்டும். நம் அன்னையின் அட்டைக்கு அத்தகைய வரம்பு இருந்திருப்பின், இழப்பு மிகவும் குறைந்திருக்கும்.

இயந்திரம் பணம் தராமல் கணக்கில் மட்டும் கழித்துக்கொண்டால், ஐந்து நாட்களுக்குள் வங்கி அதைத் தானாகவே திருப்பிச் சேர்க்க வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். இது 2019-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் விதி.

வங்கியிடம் முறையிட்டும் பயனில்லையாயின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம். 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த திட்டத்தின்படி, அஞ்சல் வழி அனுப்பும் முறையீடு எந்த மொழியிலும் இருக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. 14448 என்னும் தொலைபேசி எண்ணில் வழிகாட்டுதல் தரும் மொழிகளுள் தமிழும் உண்டு. இந்த ஏற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் இதில் உள்ள விந்தையைப் பாருங்கள். மும்பையில் வாழும் தமிழ்த் தாய் தம் பணத்தை இழந்த பின் தமிழில் முறையிடலாம். இழக்குமுன் தமிழில் ஒரு வரி படிக்க இயலாது!

அட்டையில் மொழியைக் குறிக்கும் வசதியை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டி, நம் சங்கம் விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. ஆங்கிலத்திலும் மராத்தியிலும் எழுதப்பெற்ற அதில் அன்பர்கள் கையொப்பம் இடலாம். அவரவர் கணக்கு வைத்திருக்கும் கிளையிலும் சேர்ப்பிக்கலாம். மாதத்தின் முதல் வாரத்தில் பெரியோருக்குத் துணையாகக் கிளைக்குச் சென்றுவர இளைஞர் சிலர் முன்வந்துள்ளனர். அவர்கள் திரையைப் படித்துச் சொல்வர். எண்ணை மட்டும் கேட்க மாட்டார்கள். எண்ணை அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாறு அவர்களுக்குச் சொல்லியிருக்கிறோம்.

அந்த அம்மையாரையும் அழைத்துப் பார்த்தோம். முதலில் மறுத்தார். இரண்டாம் முறை நாம் சென்றபோது, விண்ணப்பத்தை மட்டும் வாங்கி மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பேனாவை வாங்கித் தமிழில் தம் பெயரை நிதானமாக எழுதினார். வங்கிச் சீட்டில் எத்தனையோ ஆண்டுகள் இட்டுவந்த அதே கையொப்பம் அது. “இதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, வருவதா வேண்டாமா என்று நான் சொல்கிறேன்” என்றார்.

அவருக்கு நாம் நல்ல விடை கொண்டுசெல்ல வேண்டும். அதற்கு அன்பர்கள் ஒவ்வொருவரின் கையொப்பமும் வேண்டும்.